நீரிழிவு உள்ளவருக்கு இடைத்தீனி வேண்டுமா?

நீரிழிவு உள்ளவர் இரு வேளை உணவுக்கு நடுவே எதையாவது சாப்பிட வேண்டுமா என்ற கேள்விக்கு நேரெதிரான இரண்டு விடைகள் புழக்கத்தில் இருக்கின்றன. கொஞ்சம் கொஞ்சமாக ஆறு வேளை சாப்பிட வேண்டும் என்பது ஒன்று. மூன்று வேளைக்கு மேல் வாயில் எதையும் போடக் கூடாது என்பது மற்றொன்று. ஒரே வீட்டில் தந்தைக்கு முதல் அறிவுரையும் மகனுக்கு இரண்டாவது அறிவுரையும் தரப்பட்டிருக்கலாம். இரண்டும் சரியாகவே இருக்கலாம். தந்தை காலையும் இரவும் இன்சுலின் போடுபவர்; பதினொரு மணிக்கு எதுவும் சாப்பிடாவிட்டால் அவருக்கு வியர்த்துக் கொட்டும், கை நடுங்கும். மகன் மெட்ஃபார்மின் மாத்திரை மட்டும் எடுப்பவர். அதே பதினொரு மணி பிஸ்கட் அவருக்குச் சர்க்கரையை ஏற்றுமே தவிர வேறு பயன் தராது. தந்தையைப் பார்த்து மகனும், மகனைப் பார்த்துத் தந்தையும் சாப்பாட்டை மாற்றிக்கொள்ளும்போதுதான் தீங்கு நேர்கிறது.

இது சிலருக்கு மட்டும் உரிய கேள்வி அன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நாடு முழுவதும் நடத்திய கணக்கெடுப்பின் முடிவு 2023-இல் வெளியானது. அதன்படி இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு உண்டு, மேலும் 13.6 கோடிப் பேர் அதன் முன்நிலையில் இருக்கிறார்கள். புதுச்சேரியில் பெரியவர்களில் நான்கில் ஒருவருக்கு மேல் நீரிழிவு. நீரிழிவு உள்ளவர்களில் பெரும்பாலோர் நாளும் சந்திக்கும் சிக்கல் சோற்றின் அளவு மட்டுமன்று. காலைக் காபி, பதினொரு மணி டீ, நான்கு மணி வடை, படுக்கும் முன் பால் ஆகியவையும்தான்.

இடைத்தீனி என்று இங்கே குறிப்பிடப்படுவது காலை, மதியம், இரவு ஆகிய முதன்மை உணவுகளுக்கு வெளியே உள்ளே போகும் எல்லாமே. தட்டில் வைத்துத் தின்பது மட்டுமின்றி, சர்க்கரை போட்ட டீயும் பழச்சாறும் இதில் அடங்கும். சர்க்கரை இறங்கிவிட்டபோது அவசரத்துக்குத் தின்னும் இனிப்பு மட்டும் இதில் சேராது. அது உணவன்று, சிகிச்சை.

ஆறு வேளை அறிவுரை வந்த வழி

அடிக்கடி சாப்பிட வேண்டும் என்ற விதி உணவியலிலிருந்து பிறந்தது என்பதைவிட மருந்தின் இயல்பிலிருந்து பிறந்தது என்பதே பொருத்தம். இன்சுலின் கண்டுபிடிக்கப்படும் முன், அமெரிக்க மருத்துவர் ஃபிரெடரிக் ஆலன் போன்றோர் நோயாளிகளைக் கிட்டத்தட்டப் பட்டினி போட்டே சில மாதங்கள் உயிரோடு வைத்திருந்தனர். 1921-இல் டொரன்டோவில் பான்டிங்கும் பெஸ்ட்டும் இன்சுலினைப் பிரித்தெடுத்தனர்; 1922 ஜனவரியில் லெனார்ட் தாம்சன் என்ற சிறுவனுக்கு அது முதன்முதலில் செலுத்தப்பட்டது. அந்தச் சாதாரண இன்சுலின், போட்ட அரை மணி நேரத்தில் வேலை தொடங்கி இரண்டு முதல் நான்கு மணி நேரத்தில் உச்சத்தை அடையும். காலை உணவின் சர்க்கரை இறங்கத் தொடங்கும் நேரத்திலும் ஊசியின் வேகம் குறைந்திருக்காது. அந்த இடைவெளியை நிரப்பவே முற்பகல் தீனி தேவைப்பட்டது.

பிறகு நீண்ட நேரம் வேலை செய்யும் வகைகள் வந்தன. டென்மார்க்கில் ஹாகெடார்ன் குழுவினர் 1946-இல் உருவாக்கிய என்.பி.ஹெச். இன்சுலின் இன்றும் பயன்பாட்டில் உள்ளது. அதன் உச்சம் நான்கு முதல் பத்து மணி நேரத்துக்குள் வரும். ஆளுக்கு ஆள், நாளுக்கு நாள் மாறவும் செய்யும். மாலையில் போட்டால் நள்ளிரவுக்குப் பின் சர்க்கரை சரியும் அபாயம் உண்டு. படுக்கும் முன் ஏதாவது சாப்பிட வேண்டும் என்ற அறிவுரை இதிலிருந்து வந்தது. 1950-களில் வந்த சல்ஃபோனைல்யூரியா மாத்திரைகள் கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்பவை. வயிற்றில் உணவு இருக்கிறதா இல்லையா என்று அவை பார்ப்பதில்லை. அவற்றில் குளோர்புரோபமைடு ஒரு நாளுக்கு மேலும் உடலில் தங்கும். ஆக, அந்தக் காலத்தில் மருந்து முன்னே சென்றது. சாப்பாடு அதைப் பின்தொடர வேண்டியிருந்தது.

1996-இல் லிஸ்ப்ரோ என்ற அதிவேக இன்சுலினும், 2000 வாக்கில் கிளார்ஜின் என்ற, பெரிய உச்சம் இல்லாத நீள்நேர இன்சுலினும் புழக்கத்துக்கு வந்தன. சாப்பிடும் அளவுக்கேற்ப ஊசியைப் போட்டுக்கொள்ளும் முறை இவற்றால் கைகூடியது. மெட்ஃபார்மின், 2006-இல் வந்த சிட்டாக்ளிப்டின், சிறுநீரில் சர்க்கரையை வெளியேற்றும் மாத்திரைகள் ஆகியவை தனித்து எடுக்கப்படும்போது சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்குவது அரிது. மருந்துகள் மாறிவிட்டன. ஆனால் பழைய மருந்துகளுக்காக எழுதப்பட்ட ஆறு வேளை அட்டவணை மட்டும் எல்லா நோயாளிகளுக்கும் பொதுவானதாக இன்றும் கைக்குக் கை மாறிக்கொண்டிருக்கிறது.

சாப்பிட்ட பின் உடலில் நடப்பது

உணவிலுள்ள மாவுச்சத்து குளுக்கோஸாக மாறி இரத்தத்தில் சேர்கிறது. நோயில்லாத உடலில், சாப்பிட்ட ஒரு மணி நேரத்துக்குள் சர்க்கரை உச்சத்தைத் தொட்டு, இரண்டு மூன்று மணி நேரத்தில் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். இரண்டாம் வகை நீரிழிவில் இன்சுலின் முதலில் சுரக்க வேண்டிய வேகத்தில் சுரப்பதில்லை. சுரப்பதும் தசையிலும் கல்லீரலிலும் முழுமையாக வேலை செய்வதில்லை. அதனால் உச்சம் உயரமாகவும் தாமதமாகவும் வருகிறது. இறங்க நான்கைந்து மணி நேரமும் ஆகலாம்.

எட்டரை மணிக்கு நான்கு இட்லி சாப்பிட்டவருக்குப் பத்தரை மணி வாக்கில் சர்க்கரை இன்னும் மேட்டிலேயே இருக்கிறது. பதினொரு மணிக்குச் சர்க்கரை போட்ட டீயும் இரண்டு பிஸ்கட்டும் உள்ளே போனால், இறங்கத் தொடங்கிய கோடு மீண்டும் ஏறுகிறது. மதியச் சோற்றுக்கு உட்காரும்போது அவர் தொடங்கும் புள்ளியே உயர்ந்திருக்கிறது. இப்படி ஒன்றன்மேல் ஒன்றாக ஏறினால் பகல் முழுவதும் சர்க்கரை தரையைத் தொடுவதே இல்லை. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி பரிசோதனையில் இந்த மேடுகள் அனைத்தும் சேர்ந்து தெரியும்.

சாப்பிடாமல் இருந்தால் உடல் வெறுங்கையோடு நிற்பதில்லை. கல்லீரல் தான் சேமித்து வைத்த சுமார் 100 கிராம் கிளைகோஜனிலிருந்து குளுக்கோஸை விட்டுக்கொண்டே இருக்கும். தேவைப்பட்டால் புதிதாகவும் செய்யும். சர்க்கரையை இறக்கும் மருந்து எடுக்காதவர், அல்லது அப்படி இறக்காத மாத்திரை எடுப்பவர், இரு வேளைக்கு நடுவே நான்கைந்து மணி நேரம் சாப்பிடாமல் இருந்தால் மயங்கி விழுந்துவிடுவார் என்ற அச்சத்துக்கு அடிப்படை இல்லை.

பசி வேறு, தாழ்சர்க்கரை வேறு என்பதும் முக்கியம். கட்டுப்பாடில்லாத நீரிழிவில் குளுக்கோஸ் இரத்தத்தில் மிதந்தாலும் செல்லுக்குள் போகாததால், சர்க்கரை 250 இருக்கும்போதே கடும்பசி எடுக்கும். பல மாதம் 300-இல் பழகிய உடலுக்கு, மருந்து தொடங்கிச் சர்க்கரை 120-க்கு வந்ததும் தாழ்சர்க்கரை போன்ற படபடப்பு வரக்கூடும். இரண்டு நிலையிலும் தீனி மருந்தன்று. விரலில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்துப் பார்ப்பது ஒன்றே உண்மையைச் சொல்லும்.

முதல் அளவுகோல் மருந்து

இடைத்தீனி தேவையா என்பதைத் தட்டிலிருந்து அல்ல, மாத்திரை அட்டையிலிருந்து தொடங்கிப் பார்க்க வேண்டும்.

உணவுக் கட்டுப்பாடும் நடையும் மட்டுமே சிகிச்சையாக உள்ளவர்கள் முதல் பிரிவு. மெட்ஃபார்மின், பியோகிளிட்டசோன், சிட்டாக்ளிப்டின் போன்ற கிளிப்டின் வகை, சிறுநீரில் சர்க்கரையை வெளியேற்றும் கிளிஃப்ளோசின் வகை மாத்திரைகளை மட்டும் எடுப்பவர்களும் இதில் சேர்வர். இவர்களுக்கு மருந்துக்காகத் தின்ன வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. சாப்பிட்டால் அது பசிக்காகவோ ஊட்டத்துக்காகவோ இருக்கலாம். பாதுகாப்புக்காக என்று சொல்ல முடியாது.

இரண்டாம் பிரிவினர் கிளிமெபிரைடு, கிளிபென்கிளமைடு, கிளிக்ளசைடு போன்ற சல்ஃபோனைல்யூரியா மாத்திரைகளை எடுப்பவர்கள். இம்மாத்திரைகள் மெட்ஃபார்மினோடு சேர்த்து ஒரே மாத்திரையாகவும் விற்கப்படுவதால், தாங்கள் இப்பிரிவில் இருப்பது பலருக்குத் தெரியாது. அட்டையின் பின்புறம் அச்சிட்டுள்ள பெயர்களை மருந்தாளரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. இவர்கள் நாளும் தீனி தின்ன வேண்டியதில்லை. ஆனால் வேளை தவறக் கூடாது. மதிய உணவு ஒன்றரை மணியிலிருந்து மூன்றரைக்குத் தள்ளிப்போகும் நாளில், இடையில் சிறிதளவு சாப்பிடுவது அவசியம். முதியவர்களுக்கும் சிறுநீரகம் பழுதானவர்களுக்கும் கிளிபென்கிளமைடு உடலில் நெடுநேரம் தங்கிச் சர்க்கரையைத் திரும்பத் திரும்ப இறக்கும். அத்தகையோருக்குத் தீனியைக் கூட்டுவதைவிட மாத்திரையை மாற்றச் சொல்வதே சரியான வழி.

மூன்றாம் பிரிவினர் கலவை இன்சுலின் போடுபவர்கள். நம் நாட்டில் பரவலாகப் பயன்படும் 30/70 கலவையில் 30 பங்கு சாதாரண இன்சுலின், 70 பங்கு என்.பி.ஹெச். காலை ஏழரைக்குப் போட்டால் முதல் பங்கு பத்துப் பதினொரு மணிக்கு உச்சத்தில் இருக்கும். இரண்டாம் பங்கு பிற்பகலில் வேலை செய்யும். ஆகவே முற்பகலில் ஒரு சிறு தீனியும், தவறாத மதிய உணவும் பலருக்குத் தேவைப்படும். இரவு எட்டு மணி ஊசியின் என்.பி.ஹெச். பங்கு நள்ளிரவுக்குப் பின் வலுக்கும் என்பதால், படுக்கும் முன் சர்க்கரை பார்த்துத் தேவையானால் சாப்பிட வேண்டியிருக்கும். ஆறு வேளை அட்டவணை இன்றும் பொருந்துவது இவர்களுக்குத்தான்.

நான்காம் பிரிவினர் நீள்நேர இன்சுலினை ஒரு முறையும், அதிவேக இன்சுலினைச் சாப்பாட்டுக்கு முன்னும் தனித்தனியே போடுபவர்கள். அளவு சரியாக இருந்தால் இவர்களுக்குத் தீனி கட்டாயமில்லை. மாவுச்சத்துள்ள தீனியைத் தின்ன விரும்பினால் அதற்கும் இன்சுலின் கணக்கிட வேண்டிவரும். தினமும் தின்றால்தான் சர்க்கரை இறங்காமல் இருக்கிறது என்ற நிலை இருந்தால், இன்சுலின் அளவு கூடுதலாக உள்ளது என்று பொருள். ஊசிக்குத் தீனி போட்டு ஈடுகட்டினால் எடை ஏறும். எடை ஏறினால் ஊசியும் ஏறும்.

ஆய்வுகள் காட்டுவது

அடிக்கடி சாப்பிடுவதற்கு அறிவியல் ஆதரவு தந்த முதல் பெரிய சான்று டொரன்டோவைச் சேர்ந்த டேவிட் ஜென்கின்ஸ் 1989-இல் வெளியிட்ட ஆய்வு. உணவின் கிளைசெமிக் குறியீட்டை வகுத்தவரும் இவரே. ஏழு ஆண்கள் ஒரே உணவை இரண்டு வாரம் மூன்று வேளையாகவும், இரண்டு வாரம் ஒரு நாளைக்கு 17 சிறு பங்குகளாகவும் உண்டனர். பதினேழு பங்காகப் பிரித்தபோது கெட்ட கொழுப்பு 13.5 சதவீதம் குறைந்தது. இன்சுலின் சுரப்பும் தாழ்ந்தது. ஆனால் அந்த எழுவருக்கும் நீரிழிவு இல்லை. மொத்த உணவும் எடைபோட்டுத் தரப்பட்டது. வாழ்க்கையில் யாருக்கும் தீனி அப்படி அளந்து வருவதில்லை.

நீரிழிவு உள்ளவர்களிடம் நடந்த சோதனைகள் வேறு படத்தைத் தருகின்றன. 1997-இல் வெளியான நியூசிலாந்து ஆய்வில் மூன்று வேளைக்கும் ஒன்பது வேளைக்கும் இடையே சொல்லத்தக்க வேறுபாடு தெரியவில்லை. 2014-இல் பிராகா நகரின் ஹானா கலேயோவா குழுவினர் இரண்டாம் வகை நீரிழிவு உள்ள 54 பேருக்கு ஒரே கலோரியுள்ள குறைந்த உணவைப் பன்னிரண்டு வாரம் ஆறு வேளையாகவும், பன்னிரண்டு வாரம் காலை, மதியம் என்ற இரண்டே வேளையாகவும் கொடுத்தனர். ஆறு வேளையில் 2.3 கிலோ எடையும், இரு வேளையில் 3.7 கிலோவும் குறைந்தன. கல்லீரல் கொழுப்பும் இரு வேளை முறையில் கூடுதலாகக் குறைந்தது.

2019-இல் இஸ்ரேலில் டேனியலா யாகுபோவிச் குழுவினர் இன்சுலின் போடும் 28 பேரிடம் மூன்று வேளை முறையையும் ஆறு வேளை முறையையும் ஒப்பிட்டனர். பன்னிரண்டு வாரத்தில் மூன்று வேளைக் குழுவில் சுமார் 5 கிலோ எடை குறைந்தது, ஹெச்பிஏ1சி 1.2 புள்ளி இறங்கியது. நாளொன்றுக்கான இன்சுலின் தேவை 26 யூனிட் குறைந்தது. ஆறு வேளைக் குழுவில் அத்தகைய மாற்றம் இல்லை. ஆனால் மூன்று வேளைக் குழுவினர் காலையில் மிகுதியாகவும் இரவில் குறைவாகவும் உண்டனர். எனவே பலன் வேளை எண்ணிக்கையால் மட்டும் வந்தது என்று கொள்ள முடியாது. நேரத்துக்கும் பங்கு உண்டு. மறுபுறம், எடை மாறாதபடி உணவளித்த கிரேக்க ஆய்வு ஒன்றில், இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்களுக்கு ஆறு வேளை முறையே ஹெச்பிஏ1சி அளவைச் சற்று மேம்படுத்தியது.

இவற்றை ஒருசேரப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. மொத்த உணவு அதே அளவாக இருந்து, அதைப் பிரித்து உண்டால் பெரிய தீங்கு இல்லை. சிலருக்கு நன்மையும் உண்டு. மொத்த அளவு குறையாமல் அதன் மேல் தீனி கூடினால் நன்மை எதுவும் இல்லை. நடைமுறையில் மக்கள் செய்வது இரண்டாவதைத்தான். நான்கு இட்லியை இரண்டாக்கிவிட்டுப் பதினொரு மணிக்குச் சுண்டல் சாப்பிடுபவர்கள் சிலரே. நான்கு இட்லியும் உண்டு, பிஸ்கட்டும் தின்பவர்களே பலர்.

முன்னே தின்பது பின்னே உதவும் நிலை

தீனி பலன் தரும் ஒரு சூழலும் உண்டு. ஒரு வேளை உண்டது அடுத்த வேளையின் சர்க்கரை ஏற்றத்தைத் தணிக்கும். இதை இரண்டாம் உணவு விளைவு என்பர். இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் ராய் டெய்லர் குழுவினர் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், காலை உணவுக்கு இரண்டு மணி நேரம் முன் சோயாவும் தயிரும் சேர்ந்த சிறு தீனி கொடுத்தபோது, உணவுக்குப் பிந்தைய சர்க்கரை ஏற்றம் சுமார் 40 சதவீதம் குறைந்தது. இந்தியாவில் நீரிழிவின் முன்நிலையில் உள்ளவர்களிடம் நடத்தி 2023-இல் வெளியிட்ட சோதனையில், மூன்று வேளைக்கும் அரை மணி நேரம் முன் 20 கிராம் பாதாம் தரப்பட்டது. மூன்று மாதத்தில் சர்க்கரையும் எடையும் குறைந்தன. இரண்டிலும் பயன்பட்டவை புரதமும் கொழுப்பும் மிகுந்த, மாவுச்சத்து குறைந்த பண்டங்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். பிஸ்கட்டுக்கோ முறுக்குக்கோ இந்தப் பலன் பொருந்தாது. பாதாம்தான் வேண்டும் என்பதும் இல்லை. ஒரு கைப்பிடி வேர்க்கடலையும் அதே இனத்து உணவுதான்.

இடைவெளியின் நீளம்

தமிழ்நாட்டில் பல வீடுகளில் மதியச் சோறு ஒரு மணிக்கு, இரவு உணவு ஒன்பது மணிக்கு. நடுவே எட்டு மணி நேரம். வேலை முடித்து இரவில் பசியோடு வருபவர் ஒரே அமர்வில் கூடுதலாகச் சாப்பிடுகிறார், சாப்பிட்டதும் படுக்கிறார். மாலையிலும் இரவிலும் உடல் சர்க்கரையைக் கையாளும் திறன் காலையைவிடக் குறைவு. ஆகவே மாலை ஐந்து மணிக்கு அளவான ஒரு தீனி தின்று, இரவில் இரண்டு தோசையோடு நிறுத்துபவருக்கு அந்தத் தீனி உதவியே செய்கிறது. இரவு உணவை முன்கூட்டியே முடிப்பவருக்கு அந்த மாலைத் தீனியும் தேவையில்லை. பொதுவாக, இரு உணவுக்கு நடுவே ஐந்து மணி நேரத்துக்குள் இடைவெளி இருந்தால், மருந்து கேட்டாலொழியத் தீனி வேண்டாம்.

எது, எவ்வளவு

அலுவலகத்தில் வேலை செய்யும் ஒருவரின் நாளைக் கணக்கிட்டால் சிக்கலின் அளவு புரியும். காலையில் எழுந்ததும் ஒரு காபி, பதினொன்றுக்கு ஒரு டீ, நான்கு மணிக்கு ஒரு டீ. ஒவ்வொன்றிலும் இரண்டு தேக்கரண்டி சர்க்கரை, பால் இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 12 கிராம் மாவுச்சத்து. மூன்றும் சேர்ந்து 36. டீயோடு இரண்டிரண்டாக நான்கு பிஸ்கட், 16 முதல் 20 கிராம். இரவு படுக்கும் முன் ஒரு வாழைப்பழம், 20 கிராமுக்கு மேல். மொத்தம் சுமார் 75 கிராம். ஏழெட்டு இட்லிக்குச் சமமான அளவு. இதில் எதுவும் 'சாப்பாடு' என்ற கணக்கில் வருவதில்லை. மருத்துவர் கேட்கும்போது, 'காலையில் மூன்று இட்லி, மதியம் ஒரு கப் சோறு, இரவு இரண்டு சப்பாத்தி' என்று அவர் சொல்வது பொய்யன்று. சொல்லாமல் விட்டதில்தான் ஹெச்பிஏ1சி ஏறிய காரணம் இருக்கிறது. காபியிலும் டீயிலும் சர்க்கரையை மட்டும் நிறுத்தினால் நாளொன்றுக்கு 30 கிராம் குறைந்துவிடும்.

தீனி தேவை என்று உறுதியானால், 100 முதல் 150 கலோரிக்குள், புரதமும் நார்ச்சத்தும் கொண்டதாக இருப்பது நல்லது. வெந்த கொண்டைக்கடலைச் சுண்டல் அரைக் கிண்ணம், சுமார் 80 கிராம், இதற்கு ஏற்றது. அதில் 20 கிராமை ஒட்டி மாவுச்சத்து இருந்தாலும், 7 கிராம் புரதமும் 6 கிராம் நார்ச்சத்தும் சேர்ந்திருப்பதால் சர்க்கரை மெதுவாகவே ஏறும். தட்டைப்பயறு, பாசிப்பயறு, மொச்சைச் சுண்டலும் அவ்வாறே. தேங்காயைத் தாராளமாகத் துருவிப் போட்டால் கலோரி கூடும் என்பதை மட்டும் நினைவில் கொள்ள வேண்டும். அவித்த முட்டை ஒன்றில் 6 கிராம் புரதம் உண்டு; மாவுச்சத்து ஏறக்குறைய இல்லை. வேர்க்கடலை 30 கிராமில் 7 கிராமுக்கு மேல் புரதம் உண்டு. கலோரி 170 என்பதால் ஒரு கைப்பிடியோடு நிறுத்த வேண்டும். நீர்மோர், வெள்ளரி, தக்காளி ஆகியவை பசியைத் தணித்துச் சர்க்கரையை அதிகம் அசைக்காதவை. பழம் வேண்டுமென்றால் 100 கிராம் எடையுள்ள ஒரு கொய்யா நல்ல தேர்வு. அதில் 5 கிராம் நார்ச்சத்து உண்டு. அதையே சாறாக்கி வடிகட்டினால் அந்த நன்மை போய்விடும்.

தவிர்க்க வேண்டியவற்றில் பலவும் நல்ல பெயரோடு வருகின்றன. நீரிழிவு உள்ளவர்களுக்கென்று விற்கப்படும் பிஸ்கட்டில் சர்க்கரை இல்லாமல் இருக்கலாம். மாவு இருக்கிறது, கொழுப்பு இருக்கிறது. கருப்பட்டியும் நாட்டுச்சர்க்கரையும் பெரும்பகுதி சுக்ரோஸே. வெள்ளைச் சர்க்கரைக்குப் பதில் அவற்றைப் போட்டால் இரத்தத்தில் பெரிய வேறுபாடு தெரியாது. தேனும் விதிவிலக்கன்று. நன்றாக அரைத்துக் கூழாகக் காய்ச்சிய கேழ்வரகும் சத்துமாவுக் கஞ்சியும், முழுத் தானியத்தைவிட வேகமாகச் சர்க்கரையை ஏற்றும். சிறுதானியத்தில் செய்தாலும் முறுக்கு முறுக்கே. எண்ணெயில் பொரித்த அத்தகைய பண்டம் 100 கிராமில் 500 கலோரி அளவுக்கு இருக்கும். வடையில் உளுந்தின் புரதம் இருந்தாலும், அது குடிக்கும் எண்ணெய் அந்த நன்மையை விழுங்கிவிடுகிறது.

படுக்கும் முன் தீனி

காலை வெறும்வயிற்றுச் சர்க்கரை ஏறியிருப்பதைக் கண்டு, இரவில் சர்க்கரை இறங்கிப் பின் எகிறியிருக்கும் என்று எண்ணி, படுக்கும் முன் பாலும் பழமும் சாப்பிடத் தொடங்குபவர்கள் உண்டு. மைக்கேல் ஷோமோகி என்பவர் 1930-களில் முன்வைத்த கருத்து இது. பிற்கால ஆய்வுகள், பெரும்பாலோருக்கு அதிகாலை ஏற்றத்தின் காரணம் வேறு என்று காட்டின. விடியற்காலையில் கார்டிசால், வளர்ச்சி ஹார்மோன் ஆகியவை கூடுவதும், கல்லீரல் குளுக்கோஸை மிகுதியாக விடுவதும், முன்னிரவில் தாமதமாக உண்டதும், மருந்து போதாமையுமே பொதுவான காரணங்கள். இவர்களுக்கு இரவுத் தீனி காலைச் சர்க்கரையை மேலும் ஏற்றும். இரண்டாம் வகை நீரிழிவில் நடந்த ஒரு சோதனையில், முட்டை தின்று படுத்தவர்களின் காலைச் சர்க்கரை தயிர் சாப்பிட்டவர்களுடையதைவிடக் குறைவாக இருந்தது. ஆனால் எதுவும் தின்னாமல் படுத்ததைவிடக் குறைவாக இல்லை. சந்தேகம் இருந்தால் இரண்டு மூன்று நாள் அதிகாலை மூன்று மணிக்குச் சர்க்கரை பார்ப்பதே தீர்வு.

தனிக் கவனம் வேண்டியவர்கள்

கர்ப்பகால நீரிழிவில் இடைத்தீனி சிகிச்சையின் ஒரு பகுதியே. கர்ப்பிணியின் உடல் நெடுநேரம் சாப்பிடாமல் இருந்தால் விரைவில் கொழுப்பை எரித்துக் கீட்டோன்களை உண்டாக்கும். அதே சமயம் ஒரே வேளையில் மிகுதியாக உண்டால், இரண்டு மணி நேரத்துக்குப் பின் 120 மி.கி.க்குள் சர்க்கரை இருக்க வேண்டும் என்ற இலக்கைத் தாண்டிவிடும். எனவே மூன்று சிறு உணவு, இரண்டு மூன்று தீனி, அவற்றில் ஒன்று படுக்கும் முன் என்று பிரித்துத் தரப்படுகிறது. சென்னை மருத்துவர் வி. சேஷையாவின் நெடுநாள் உழைப்பின் பயனாக, தமிழக அரசு 2007-இல் கர்ப்பிணிகள் அனைவருக்கும் சர்க்கரைப் பரிசோதனை செய்ய ஆணையிட்டது. அதில் நோய் தெரியவந்த ஒவ்வொரு பெண்ணுக்கும் இந்தப் பிரிப்பு முறை விளக்கப்பட வேண்டும்.

முதல் வகை நீரிழிவு உள்ள குழந்தைகளுக்கு வளர்ச்சியும் விளையாட்டும் தீனியைக் கேட்கும். 1993-இல் முடிந்த பெரிய அமெரிக்க ஆய்வில், திட்டமிட்ட இரவுத் தீனியைத் தவறாது உண்டவர்களின் ஹெச்பிஏ1சி குறைவாக இருந்தது. திட்டத்துக்கு வெளியே தின்றவர்களுக்கும், தாழ்சர்க்கரை வந்தபோது தேவைக்கு மேல் தின்றவர்களுக்கும் அது கூடுதலாக இருந்தது. தீனியா இல்லையா என்பதைவிட, அது கணக்கில் இருந்ததா என்பதே விளைவைத் தீர்மானித்தது. இன்சுலின் போடுபவர் எந்த வயதினராயினும், உடற்பயிற்சிக்கு முன் சர்க்கரை 90-க்குக் கீழே இருந்தால் 15 முதல் 30 கிராம் மாவுச்சத்து உட்கொள்ள வேண்டும். மெட்ஃபார்மின் மட்டும் எடுத்து நடைப்பயிற்சிக்குப் போகிறவருக்கு இது தேவையில்லை.

நெடுநாள் நீரிழிவால் இரைப்பையின் நரம்பு பாதிக்கப்பட்டு உணவு மெதுவாக நகரும் நிலையில் உள்ளவர்களுக்குச் சிறுசிறு பங்காக உண்பதே தாங்கும். ஒரே வேளையில் போதிய அளவு உண்ண முடியாத முதியவர்களுக்கும், எடை மிகக் குறைந்த நோயாளிகளுக்கும் தீனியை நிறுத்தச் சொல்வது கொடுமை. அவர்களுக்கு ஊட்டமே முதன்மை.

தாழ்சர்க்கரைக்கு எடுப்பது தீனியன்று

சர்க்கரை 70 மி.கி.க்குக் கீழே போனால் 15 கிராம் விரைவான சர்க்கரை வேண்டும். குளுக்கோஸ் பொடியோ சர்க்கரையோ மூன்று தேக்கரண்டியைத் தண்ணீரில் கலக்கிக் குடிக்கலாம். அரை டம்ளர் பழச்சாறும் போதும். பதினைந்து நிமிடத்தில் மீண்டும் பார்த்து, ஏறவில்லை என்றால் இன்னொரு முறை. சாக்லேட்டும் பிஸ்கட்டும் இதற்கு உதவா. அவற்றின் கொழுப்பும் மாவும் நேரத்தை வீணாக்கும். அகார்போஸ், வோக்லிபோஸ் மாத்திரை எடுப்பவர்கள் குளுக்கோஸ் பொடியைத்தான் வைத்திருக்க வேண்டும். சாதாரணச் சர்க்கரை குடலில் உடைவதை அந்த மாத்திரைகள் தடுப்பதால் அது வேகமாக வேலை செய்யாது. நினைவு தவறியவருக்கு வாயில் எதையும் ஊற்றக் கூடாது. உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். சர்க்கரை ஏறிய பின், அடுத்த உணவுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தால் மட்டும் சிறிது சாப்பிட வேண்டும். இத்தகைய சரிவு வாரம்தோறும் வந்தால் மருந்தின் அளவைத் திருத்துவது அவசியம்.

முடிவெடுக்கும் முறை

ஒருவர் தமக்கு இடைத்தீனி வேண்டுமா என்பதை நான்கு கேள்விகளால் தீர்மானிக்கலாம். எடுக்கும் மருந்து சர்க்கரையைத் தாழ இறக்கக்கூடியதா? இரு வேளைக்கு இடையே ஐந்து மணி நேரத்துக்கு மேல் இடைவெளி உள்ளதா? கர்ப்பம், வளரும் வயது, உடல் மெலிவு, கடும் உழைப்பு போன்ற தனித் தேவை உண்டா? தீனி சேர்ந்தால் அதற்கீடாக அடுத்த வேளை உணவு குறைகிறதா? முதல் மூன்றுக்கும் 'இல்லை' என்றால் தீனி தேவையில்லை. ஒன்றுக்கேனும் 'ஆம்' என்றால், நான்காவதற்கும் 'ஆம்' என்று சொல்லும்படி அமைத்துக்கொள்ள வேண்டும். மெலிந்தவர்களுக்கு மட்டும் இந்த நான்காவது நிபந்தனை பொருந்தாது.

அமைத்த பின் சோதித்துப் பார்க்க வேண்டும். தீனிக்கு முன், இரண்டு மணி நேரம் கழித்து, அடுத்த உணவுக்கு முன் என மூன்று முறை, வாரத்தில் இரண்டு மூன்று நாள் பார்த்தால் போதும். தினமும் ஸ்ட்ரிப் செலவழிக்க வேண்டியதில்லை. தீனிக்கு முன்பே 180-க்கு மேல் இருந்தால் அந்த நேரத்துத் தீனி வேண்டாம். இரண்டு மணி நேரம் கழித்து 180-ஐத் தாண்டினால் பண்டத்தையோ அளவையோ மாற்ற வேண்டும். அடுத்த உணவுக்கு முன் 80 முதல் 130-க்குள் இருந்தால் தேர்வு சரி. முதியவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இந்த எல்லைகள் வேறு; அவற்றை மருத்துவரே வகுத்துத் தர வேண்டும்.

மருந்துச் சீட்டில் மாத்திரையின் பெயரும் வேளையும் எழுதப்படுவது போல, இடைத்தீனி உண்டா இல்லையா, உண்டென்றால் எத்தனை மணிக்கு, எவ்வளவு என்பதும் எழுதப்பட வேண்டும். மாத்திரை மாறும்போதும், ஊசி கூடும்போதும் குறையும்போதும், அந்த வரியையும் திருத்தி எழுத வேண்டும்.